பிலாமரத்தடி டிங்

"டிங்" என்று போனுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

அருளம்பலம் நிம்மதியாகக் கண்ணை மூடினார். இனி ஒரே ஒரு விநாடிதான். அக்காவின் குரல் அறுந்துபோகும், போன் ஊமையாகும், அவர் போய் வாழைக்குத் தண்ணீர் கட்டலாம். ஐந்து வருடமாக அவருடைய காலை நேரத்து அழைப்பு இப்படித்தான் முடிகிறது.

"தம்பி?" என்றது போன்.

அவர் கண்ணைத் திறந்தார்.

"தம்பி, கேக்குதோ? கட்டாகிட்டுதோ?"

"இல்லை அக்கா, வடிவாக் கேக்குது" என்று அவருடைய வாய் அவரைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

தலையை நிமிர்த்திப் பார்த்தார். பிலாமரத்தடிதான். இடம் பிழைக்கவில்லை. மரத்தை ஒருமுறை சுற்றி வந்தார். அக்காவின் குரலும் கூடவே சுற்றி வந்தது. வலப்பக்கமாகச் சுற்றியது சரிவரவில்லை என்று இடப்பக்கமாகவும் ஒருமுறை சுற்றினார்.

"அப்ப சொல்லு. நிவேதனா என்னை ஒவ்வொரு நாளும் அரிச்சுக்கொண்டிருக்கிறாள். உங்கை வீட்டைக் கட்டுவமோ, வேண்டாமோ?"

"பாப்பம் அக்கா."

"பாப்பம் எண்டால்?"

"பாப்பம் எண்டால்... ஓ..."

"ஓமோ?"

முதுகெலும்புள்ள மனிதர் ஒருவர் இந்த இடத்தில் "இல்லை" என்று சொல்லியிருப்பார். அருளம்பலம் நல்ல மனிதர் மட்டுமே. ஆகவே "ஓம்" என்றார்.

அந்தப் பக்கத்தில் நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. சந்தோஷத்தில் அக்காவுக்கு வாயடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

"அப்ப சரி" என்றார் அக்கா கடைசியில், மெல்ல.

ஊரில் யாரிடமாவது போய், அருளம்பலத்துக்கு 'இல்லை' சொல்ல வராது என்று சொன்னால் சிரிப்பார்கள். உரும்பிராயில் கூட்டுறவுச் சங்கத்து மனேச்சராக முப்பத்திநாலு வருடம் இருந்தவர் அவர். சீனிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு வந்த காலத்தில், வெயிலில் வரிசையில் நின்ற முழு ஊருக்கும் முகத்துக்கு நேரே "இல்லை, நாளைக்கு வாங்கோ" என்று சொன்ன வாய் அது. ஆனால் அக்கா என்றால் அந்த வாய் வேறு வாய்.

அதற்குக் காரணம் இருந்தது. அம்மா கண்ணை மூடியபோது அருளம்பலத்துக்கு நாலு வயது, அக்கா பாலேஸ்வரிக்குப் பதினைந்து. குளிக்க வார்த்தது, தலை இழுத்தது, வாய்ப்பாடு பாடமில்லை என்று காதைத் திருகியது, பிறகு திருகிய காதுக்கு எண்ணெய் பூசியது எல்லாம் அக்காதான். இன்றைக்கு அவருக்கு அறுபத்திரண்டு வயது. இருந்தும் அக்கா "தம்பி" என்றால் காது தானாகச் சூடேறும்.

அக்கா இப்போது ரொறன்ரோவில், மகள் நிவேதனாவோடு, பதினாலாவது மாடியில் இருக்கிறார். அங்கே இரவு ஒன்பதரை ஆகும்போது இங்கே காலை ஏழு. அந்த நேரத்துக்கு வட்ஸ்அப்பில் எடுப்பார். முதல் இருபது நிமிடமும் அக்கா கதைப்பதைக் கேட்க அருளம்பலத்துக்கும் ஆசைதான். அக்கா அங்கே முதியோர் சங்கத்துக்குச் செயலாளர். அதே மாடியில் இருக்கும் யாழ்ப்பாணத்து மார்கிரட்டோடு சோடி சேர்ந்து கரம் போர்ட் போட்டியில் மூன்று வருடம் கப் எடுத்தவர். எந்தச் சீனாக்காரிக்கு எதிராக எப்படிச் சிவப்புக் காய் விழுத்தினார் என்று சொல்லும்போது குரல் துள்ளும்.

பிறகு குரல் இறங்கும். "சரி தம்பி, மற்ற விசயம்" என்பார்.

மற்ற விசயம் என்பது வீடு. நிவேதனாவின் யோசனை. அம்மாவுக்கு வயது போகிறது, குளிர் ஒத்துவராது, ஊரிலே அம்மாவின் பங்குக் காணி சும்மா கிடக்கிறது, அதில் பாத்ரூமோடு சேர்ந்த அறைகளாக ஒரு வீடு கட்டி அம்மா கடைசிக் காலத்தில் போய் ஆறுதலாக இருக்கட்டும். இதுதான் திட்டம்.

காணி சும்மா கிடக்கவில்லை என்பதுதான் சிக்கல். அந்த நாலு பரப்புக் காணியிலும் அருளம்பலம் ஓய்வுபெற்ற கையோடு வைத்த இருநூற்றிப் பத்து இதரை வாழைகள் நிற்கின்றன. எந்த வாழை எந்தக் கிழமை குலை தள்ளும் என்று அவருக்குத் தெரியும். மனைவி உதயகலாவின் பிறந்தநாள் மட்டும் தெரியாது. அந்தத் தோட்டம் இல்லையென்றால் காலையில் எழும்பி எங்கே போவது என்று அவருக்கு விளங்கவில்லை.

"ஒருக்கா 'வேண்டாம்' எண்டு சொல்லிவிடுங்கோவன். நாலே நாலு எழுத்து" என்று உதயகலா பலமுறை சொல்லிவிட்டார்.

"அப்ப நீர் சொல்லும் பாப்பம்."

"எனக்கேன்? உங்கடை அக்கா."

அப்படித் தவித்துக்கொண்டிருந்த நாளில்தான், ஐந்து வருடத்துக்கு முன்னர், அருளம்பலம் பிலாமரத்தைக் கண்டுபிடித்தார். வீட்டு வைஃபை முன் அறையில் இருந்து பின்வளவுப் பிலாமரம் வரைதான் எட்டும். அதற்கு அப்பால் மொபைல் டேட்டா. அக்கா 'மற்ற விசயம்' என்றதும், "அது கிடக்கட்டும் அக்கா, உங்கடை பங்கிலை நிக்கிற இதரையளை ஒருக்கா கேளுங்கோவன்" என்று வாழைக் கதையைத் தொடங்கிக்கொண்டு நடப்பார். "சொல்லு, சொல்லு" என்பார் அக்கா. மரத்தடிக்குப் போனதும் "டிங்" என்று கேட்கும். கோல் அறுந்துவிடும். வைஃபை விடைபெறும்போது அடிக்கிற மணிதான் அது என்று அருளம்பலம் தன் சொந்த மூளையால் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

சில நாட்களில் டிங் சற்றுப் பிந்தும். அப்போது மரத்தடியில் நின்று குருமன் வண்டைப் பற்றியும் சாம்பல் போடுவதைப் பற்றியும் கூடுதலாகச் சொல்லவேண்டிவரும். மழைக்கு வைஃபை கொஞ்சம் சோம்பல்படும் என்று வைத்துக்கொண்டார். ஆனால் ஒருநாளும் கைவிட்டதில்லை.

சிவப்புப் பொத்தானை அமத்திவிட்டு இருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஒருமுறை அமத்தினார். அக்கா திரும்ப எடுத்து, "ஏன் தம்பி கட் பண்ணினனி?" என்று கேட்டார். அன்று முழுக்க அருளம்பலத்துக்குச் சோறு இறங்கவில்லை. அக்காவின் வாயைத் தன் விரலால் அடைப்பது வேறு. பிலாமரம் அடைப்பது வேறு.

இப்போது அந்தப் பிலாமரமே கைவிட்டுவிட்டது.

வீட்டுக்குள் வந்தபோது மகள் மதுரா தேத்தண்ணியோடு சிரித்துக்கொண்டிருந்தாள். கொழும்பில் கணினிக் கம்பனி ஒன்றில் வேலை. ஒரு கிழமை லீவில் நேற்று, வெள்ளிக்கிழமைதான் வந்திருந்தாள்.

"என்னப்பா, இண்டைக்கு மாமியின்ரை கோல் கட்டாகேல்லைத்தானே?"

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"நேற்றுப் பின்னேரம் நான்தானே உங்கடை போனிலை செற்றிங் மாத்தினது. ஒவ்வொரு நாளும் பிலாமரத்தடியிலை கோல் விழுகுதெண்டு அம்மா சொன்னவ. பாவம் அப்பா எண்டு நினைச்சன்."

உதயகலா குசினி அடுப்புப் பக்கம் அவசரமாகத் திரும்பிக்கொண்டார்.

"என்ன செற்றிங்?"

மதுரா உற்சாகமாகக் கதிரையை இழுத்துப் போட்டாள். "முந்தி நீங்கள் நடக்க நடக்க வைஃபை மெலிஞ்சுகொண்டு போகும். போன் அதை விடவும் மாட்டுது, டேட்டாவைப் பிடிக்கவும் மாட்டுது. அந்த இடைவெளியிலை கோல் விழும். இப்ப அப்பிடியில்லை. வைஃபை மெலியத் தொடங்கேக்கையே போன் டேட்டாவைப் பிடிச்சிடும். ஒராள் கையை விடமுன்னமே மற்றாள் கையைப் பிடிச்சிடுவார். நீங்கள் கதைச்சுக்கொண்டே பருத்தித்துறை மட்டும் போகலாம்."

"அப்ப அந்த டிங்?"

"எந்த டிங்?"

"வைஃபை விட்டுப் போகேக்கை அடிக்கிற டிங்."

"வைஃபை அப்பிடி ஒரு சத்தமும் போடாதப்பா."

பட்டம் எடுத்து என்ன பிரயோசனம் என்று நினைத்தார் அருளம்பலம். இது கூடத் தெரியவில்லை.

"பிள்ளை, அதைப் பழையபடி மாத்திவிடு."

"ஏன்?"

"கட்டாகாமல் கதைச்சால் காது சுடுது."

மதுரா அவரை ஒருமாதிரிப் பார்த்தாள். ஆனாலும் மாற்றிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அருளம்பலம் துணிவோடு நடந்தார். அக்கா கரம் கதை சொன்னார், அடுத்த மாதம் சங்கத்து பஸ்ஸில் நயாகரா போகிற கதை சொன்னார், பிறகு "மற்ற விசயம்" என்றார். இவர் இதரை என்று தொடங்கினார். மரத்தடி. டிங்.

"தம்பி? கட்டாகிட்டுதோ?"

"இல்லை... அக்கா."

"நிவேதனாவுக்கு நீ ஓமெண்டதைச் சொல்லிப்போட்டன். துள்ளிக் குதிக்கிறாள். எப்ப மேசனைக் கூப்பிடப் போறாய் எண்டு கேக்கிறாள்."

"நா... நாளைக்கு."

"நாளைக்கேவோ?" அக்காவின் குரல் கம்மியது. "அவ்வளவு கெதியாவோ?"

அவ்வளவு சந்தோஷம், பாவம் மனுசிக்கு, என்று நினைத்தார் அருளம்பலம். நினைக்க இன்னும் துக்கமாக இருந்தது.

மரத்தை மூன்றாம் முறை சுற்றும்போது உதயகலா கிணற்றடியில் நின்று கேட்டார். "பிலாமரத்துக்கு என்னப்பா நேர்த்தி? மகளின்ரை கலியாணத்துக்கோ?"

"பகிடி விடாதையும்."

பின்னேரம் மகளிடம் மெல்ல விசாரித்தார். செற்றிங்கை மாற்றிய பிறகும் ஏன் கோல் விழவில்லை என்று நேரே கேட்க முடியாது. ஆகவே, "பிள்ளை, பிலாமரத்தடியிலை லைன் என்ன மாதிரி? அதுக்கங்காலை பம்புக் கொட்டிலுக்கை என்ன மாதிரி?" என்று சுற்றிவளைத்துக் கேட்டார்.

மதுரா கெட்டிக்காரி. அப்பா வாய் திறந்து ஒன்றும் கேட்காத மனிதர், இவ்வளவு கேட்கிறார் என்றால் உண்மையில் எவ்வளவு கஷ்டப்படுகிறார் என்று விளங்கிக்கொண்டாள். திங்கட்கிழமை காலையிலேயே யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போய், சோப்புப் பெட்டி அளவில் இரண்டு வெள்ளைப் பெட்டிகளோடு வந்தாள். ஒன்றை மழை படாமல் ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் வைத்துப் பிலாமரத்தில் கட்டினாள்.

"இதென்ன பிள்ளை?" என்றார் அருளம்பலம் டப்பாவை அண்ணாந்து பார்த்து.

"வைஃபையை வாங்கி அங்காலை குடுக்கிற பெட்டி. இனி வளவு முழுக்க ஒரே வைஃபை. நீங்கள் எங்கை போனாலும் ஒரு பெட்டி மற்றப் பெட்டியிட்டை உங்களை ஒப்படைக்கும். அந்தச் செற்றிங்கையும் திருப்பிப் போட்டுவிட்டன். காது சுடாமல் இருக்க இந்தாங்கோ, இயர்போன்."

அவர் தலையாட்டினார். மகளின் அன்புக்கு வேறு என்ன செய்வது? கூட்டுறவுச் சங்கத்து நாட்களில் இப்படி ஒரு பெட்டியை உதவி அரசாங்க அதிபர் கொண்டுவந்து தந்திருந்தாலும் திருப்பி அனுப்பியிருப்பார். மகளாகப் போய்விட்டாள்.

அன்று மேசன் கிறிஸ்ரோபரும் வந்தார். கூப்பிடாமல் இருக்க முடியவில்லை. கூப்பிட்டாயா என்று அக்கா கேட்டால் பொய் சொல்ல வராது. கிறிஸ்ரோபர் நாலு மூலைக்கும் முளை அடித்து நூல் கட்டினார். நூல் வாழைகளுக்கு நடுவால் போனது.

"அண்ணை, இந்த வாழையள் முழுக்கப் போகவேணும். பெக்கோ மெசின் கொண்டுவந்தால் ஒரு மணித்தியாலத்திலை தள்ளி மட்டமாக்கிப் போடுவன்."

"ஒரு மணித்தியாலம்தானோ?"

"கூடத்தான் சொல்லுறன். அரை மணித்தியாலம் காணும்."

அருளம்பலம் பக்கத்தில் நின்ற வாழையைப் பிடித்துக்கொண்டார். குலை தள்ளிப் பூப்பொத்தி இன்னும் முழுதாக விரியாத வாழை.

செவ்வாய்க்கிழமை அவர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். தோட்டத்து மூலையில் பம்புக் கொட்டில் இருக்கிறது. நாலு பக்கமும் தகரம், கூரையும் தகரம், கதவும் தகரம். தகரத்துக்குள் சிக்னல் போகாது என்று எங்கோ வாசித்திருந்தார். அக்கா 'மற்ற விசயம்' என்றதும் விறுவிறு என்று நடந்து, கொட்டிலுக்குள் புகுந்து, கதவைச் சாத்தினார்.

டிங்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"தம்பி... கேக்குதோ?"

"கேக்குது அக்கா" என்றார் இருட்டுக்குள் நின்று, அழாக்குறையாக.

"ஏன் கிணத்துக்குள்ளை நிண்டு கதைக்கிறது போலை கேக்குது?"

"நீங்கள் கதைக்கிறதும் அப்பிடித்தான் அக்கா கேக்குது."

அந்தப் பக்கம் ஏதோ கடகடவென்று ஓடுகிற சத்தம் கேட்டது.

"மேசன் வந்தவரோ?" என்றார் அக்கா.

"வந்தவர்."

"நாள் பாக்கவேணுமெல்லே? ஆறுதலாப் பாருங்கோ. அவசரமில்லை. தையிலை, மாசியிலை கூடப் பாக்கலாம்."

அருளம்பலத்துக்கு உயிர் வந்தது. "ஓம் அக்கா! நல்ல நாள் கிடைக்கிறது கஷ்டம். ஆறுதலா..."

"ஆனா நிவேதனா இன்ரநெற்றிலை பாத்திட்டாள் தம்பி. வியாழன் காலமை ஆறு நாப்பத்திரண்டு. அதை விட்டால் எட்டு மாசத்துக்கு இப்பிடி நாள் இல்லையாம். வீடியோவிலை காட்டட்டாம். காணிக்காரி நான்தானே, நான் சொல்லித்தான் தொடங்கவேணுமாம்."

கொட்டிலை விட்டு வியர்க்க வியர்க்க வெளியே வந்தபோது மதுரா எதிரே நின்றாள்.

"அப்பா, கொட்டிலுக்கை எப்பிடி? நீங்கள் கேட்டதெண்டு மற்றப் பெட்டியை அங்கைதான் வச்சனான். பம்புக்கு மேலை, பாக்கேல்லையோ?"

அருளம்பலம் கொட்டிலின் நிலையில் மெல்லத் தலையை ஒருமுறை முட்டிக்கொண்டார்.

புதன்கிழமை கடவுளே கண் திறந்தார். அக்கா கதைத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. காற்றாடி நின்றது, வைஃபைப் பெட்டியின் பச்சை வெளிச்சம் அணைந்தது. அருளம்பலம் எழும்பியே நின்றுவிட்டார். அக்கா "நிறைகுடத்துக்கு நல்ல தேங்காயா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். போன் அந்த "தேங்காயா"வைக் கூட விழுத்தவில்லை. வைஃபையில் தொடங்கிய சொல்லை டேட்டாவில் முடித்து, "பாத்து எடு" என்று மேலே போனது.

"பாத்தீங்களோ?" என்று மதுரா கைதட்டினாள். "மாறினதே தெரியேல்லை!"

அன்று பின்னேரம் அவர் தனியாகத் தோட்டத்துக்குள் போனார். வாழைகளுக்கு முன் நின்று பழகிப் பார்த்தார்.

"வேண்டாம் அக்கா. இல்லை, இப்பிடிச் சொல்லக்கூடாது. அக்கா, எனக்கு ஒரு சின்ன அபிப்பிராயம். இல்லை. அக்கா, இந்த வாழையள்..."

அழுகை வந்தது. வாழைக்காக அழுகிறாரா, பதினைந்து வயதில் தனக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போன அக்காவுக்காக அழுகிறாரா என்று அவருக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த மனுசி வாழ்க்கையில் தன்னிடம் கேட்ட ஒரே ஒரு காரியம் இது. அதையும் எப்படி மறுப்பது?

கறிவேப்பிலை பிடுங்க வந்த உதயகலா கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வழக்கமான பகிடி ஒன்றும் வரவில்லை.

"நாலே நாலு எழுத்துத்தானப்பா" என்றார் மெதுவாக.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கு வளவு கலியாண வீடு போல இருந்தது. உதயகலா நிறைகுடம் வைத்துக் குத்துவிளக்கு ஏற்றினார். கிறிஸ்ரோபர் வெள்ளைச் சேட்டோடு வந்திருந்தார். வாழைத் தோட்டத்து எல்லையில் மஞ்சள் நிறப் பெக்கோ இரும்புக் கையை மடித்து வைத்துக்கொண்டு உறுமியது. மதுரா போனை அப்பாவின் கையில் தந்தாள்.

"எங்கை வேணுமெண்டாலும் நடந்து காட்டுங்கோப்பா. ஒரு சொல்லுக் கூட அறாது."

ஆறு முப்பத்தெட்டுக்கு வீடியோவில் அக்கா வந்தார். பட்டுச் சேலை, நெற்றியில் திருநீறு. முதலில் பின்னால் சோபா தெரிந்தது. நிவேதனா தலையை நீட்டி, "மாமா, நல்ல வடிவாக் காட்டுங்கோ!" என்றாள். பிறகு அக்கா, "இஞ்சை இரைச்சலாக் கிடக்கு, நான் வெளியிலை வாறன்" என்று எழும்பினார். படம் ஆடியது. கதவு ஒன்று, நடைபாதை ஒன்று போனது. கடைசியில் அக்கா எங்கேயோ ஒரு சிறிய இடத்தில் நின்றார். பின்னால் பளபளவென்று இரும்புச் சுவர். டிங் என்றது. பிரிட்ஜுக்குப் பக்கத்தில் நிற்கிறார் போலும் என்று அருளம்பலம் நினைத்தார்.

"தம்பி, கேக்குதோ?"

"கேக்குது அக்கா."

"படமும் தெரியுதோ?"

"தெரியுது."

"ம்" என்றார் அக்கா.

அருளம்பலம் நடந்தார். பிலாமரத்தைக் கடந்தார். ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் பெட்டி பச்சையாகக் கண்சிமிட்டியது. வாழைகளுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"அண்ணை, நாப்பத்தொண்டு" என்றார் கிறிஸ்ரோபர் மணிக்கூட்டைப் பார்த்து. "காணிக்காரம்மா ஓமெண்டு சொன்னால் தொடங்குவம்."

பெக்கோ கையை நீட்டியது. இரும்புப் பற்கள் முதல் வாழைக்கு மேலே வந்து நின்றன. அன்றைக்குப் பொத்தி விரியாமல் இருந்த அதே வாழை. இன்று பொத்தி விரிந்து முதல் சீப்பு தெரிந்தது. பூவின் நுனியில் அணில் ஒன்று தேன் குடித்துக்கொண்டிருந்தது.

போனில் அக்காவின் முகம். அக்கா வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார்.

"தம்பி... நான் சொல்லட்டோ?"

அருளம்பலம் உதயகலாவைப் பார்த்தார். உதயகலா விளக்குப் பக்கத்தில் நின்று நாலு விரலைக் காட்டினார்.

"வேண்டாம்!" என்றார் அருளம்பலம்.

அவ்வளவு சத்தமாக வருமென்று அவரும் எதிர்பார்க்கவில்லை. பெக்கோக்காரர் பயந்து கையைத் தூக்கினார். அணில் ஓடிவிட்டது.

"என்ன தம்பி?"

"வீடு வேண்டாம் அக்கா." இனி நிற்பாட்ட முடியவில்லை. "இந்த வாழையளை என்னாலை தள்ளேலாது. ஒவ்வொண்டையும் நான் கையாலை வச்சனான். நீங்கள் வாங்கோ, எப்ப வேணுமெண்டாலும் வாங்கோ. எங்கடை வீட்டிலை என்ரை அறையை விட்டுத்தாறன், நான் விறாந்தையிலை படுக்கிறன். ஆனா இதிலை வீடு வேண்டாம். அஞ்சு வருசமா இதைச் சொல்லப் பயந்து, வைஃபை அறுந்த இடத்திலை ஒளிச்சுக்கொண்டு திரிஞ்சனான் அக்கா. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

மதுரா வாயைப் பொத்திக்கொண்டாள். பிலாமரத்தடி அவளுக்கு இப்போதுதான் விளங்கியது.

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

"ஐயோ அக்கா, அழாதையுங்கோ." தாய்க்குத் தாயாக இருந்தவரை ஊர் பார்க்க அழ வைத்துவிட்டோமே என்று நெஞ்சு வெடித்தது. "கட்டுவம் அக்கா. நீங்கள் அழுகிறதெண்டால் நான் கட்டு..."

"வாயை மூடடா!" என்றார் அக்கா தலைப்புக்குள்ளிருந்து, அவசரமாக.

டிங்.

அக்காவுக்குப் பின்னால் இருந்த இரும்புச் சுவர் நடுவால் இரண்டாகப் பிளந்து விலகியது. வெளியே கையில் சாமான் பையோடு, குளிர்ச் சட்டை போட்ட வயதான பெண் ஒருவர் நின்றார். கரம் போட்டியில் கப் தூக்கிக்கொண்டு நின்ற படத்தில் அந்த முகத்தை அருளம்பலம் பார்த்திருக்கிறார். மார்கிரட்.

அவர் போனைக் கவனிக்கவேயில்லை.

"என்ன பாலேசக்கா, தம்பி ஓமெண்டு சொல்ல முன்னம் கோலை அறுக்கிறதுக்கு இன்னும் இந்த லிஃப்டுக்குள்ளையே ஓடி வாறியளோ? போன வெள்ளிக்கிழமை இதுக்குள்ளையும் வைஃபை பூட்டிப்போட்டாங்கள் அக்கா, இனி நீங்கள் நிலத்துக்குக் கீழை கார் பார்க்குக்குத்தான் இறங்கவேணும்!"